தெளிந்த நீரும் தூய நீரும்: மீன் தொட்டியின் கீழ்த்தாங்கி உணர்த்தும் பாடம்

கொழும்பு மாநகரில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில், தொடர்மாடி வீடொன்றின் வரவேற்பறையில் கண்ணாடி மீன் தொட்டியைக் காண்பது இன்று புதுமையன்று. முற்றமும் கிணற்றடியும் உள்ள ஊர்களை விட்டு வந்து நான்காம், ஐந்தாம் மாடிகளில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு, நீரில் நீந்தும் சில உயிர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது ஓர் ஆறுதல். பிள்ளைகள் கேட்டதற்காக வாங்கியோர் உளர். வாஸ்துவை நம்பி அரோவனாவும் புளவர்ஹோர்னும் வளர்ப்போரும் உளர். காரணம் எதுவாயினும், கண்ணாடிச் சுவர்களுக்குள் ஓர் உயிரை அடைத்து வைத்த கணத்திலிருந்து அதன் மூச்சுக்கும் உணவுக்கும் நாமே பொறுப்பாளிகளாகி விடுகின்றோம்.

அண்மையில் கொட்டாஞ்சேனையில் எமது நண்பரொருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர், பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கென வாங்கிய பன்னிரண்டு தங்கமீன்களில் மூன்று மாத்திரமே எஞ்சியிருந்தன. அவையும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. “தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் சாகின்றன?” என்று அவர் எம்மிடம் கேட்டார். கண்ணூறு பட்டுவிட்டது என்றார் அயலவர் ஒருவர். வீட்டுக்கு வரவிருந்த தீங்கை மீன்கள் ஏற்றுக்கொண்டன என்று ஆறுதல் கூறினார் இன்னொருவர். பேரப்பிள்ளையோ தொட்டியின் பக்கம் வருவதையே நிறுத்தி விட்டிருந்தான்.

நண்பரின் கேள்விக்கு விடை கண்ணூற்றிலும் இல்லை, கிரகபலனிலும் இல்லை. தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு என்பதில் இருக்கிறது. மீன் வளர்ப்போர் ‘சம்ப்’ என்று வழங்கும் கீழ்த்தாங்கி வடிகட்டல் முறை கொழும்பின் நன்னீர் மீன் தொட்டிகளுக்கும் வந்துவிட்ட இக்காலத்தில், அது எவ்வாறு இயங்குகிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பவற்றை வாசகர்களுக்கு எளிமையாக எடுத்துரைப்பதே எமது நோக்கமாகும்.

மீனைக் கொல்வது எது?

மீன் உண்ணும் உணவிலுள்ள புரதம் செரித்த பின்னர், எஞ்சும் நைதரசன் பெரும்பாலும் அமோனியாவாக அதன் செவுள்களின் வழியே நீரிற் கலக்கிறது. உண்ணாது விடப்பட்ட உணவும் அழுகி அமோனியாவையே தருகிறது. ஆற்றிலும் குளத்திலும் இது பெருநீரிற் கரைந்து பரவிவிடும். தொட்டியிலோ அது போகுமிடம் இல்லை. அமோனியாவுக்கு நிறமில்லை. மீனைக் கொல்லும் அளவிலே அதன் மணமும் எமக்குத் தெரிவதில்லை. ஆகவே பளிங்குபோன்ற நீரில் மீன் மூச்சுத் திணறிச் சாவது வியப்புக்குரியதன்று.

இந்த நஞ்சை முறிப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது. இதுவும் நஞ்சே. மீனின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இது குலைத்துவிடுகிறது. வேறொருவகைப் பற்றீரியா அந்த நைத்திரைற்றை, ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகிறது. மண்ணில் இச்செயன்முறையை நிகழ்த்தும் நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானியான சேர்ஜி வினோகிராட்ஸ்கி. இரு படிகளையும் தனியொரு நுண்ணுயிரே செய்து முடிக்க வல்லது என்பது 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளின் மூலமே தெரியவந்தது. அவ்வாய்வுகளுள் ஒன்றுக்கான நுண்ணுயிர், மீன் வளர்ப்பு நிலையமொன்றின் வடிகட்டியிலிருந்தே பெறப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைக் காட்டிலும் கல், ஸ்பொஞ்சு, ஓடு போன்ற பரப்புகளில் ஒட்டி வாழ்வதையே நாடுகின்றன. புதிய தொட்டியொன்றில் அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். நண்பர் தொட்டியை வாங்கிய அன்றே பன்னிரண்டு மீன்களையும் விட்டிருந்தார். நஞ்சை முறிப்போர் வந்து சேரும் முன்னரே நஞ்சு நிரம்பிவிட்டது. அவர் செய்த தவறு அன்பின்மையால் நேர்ந்ததன்று, அவசரத்தால் நேர்ந்தது. சிறுகச் சிறுக உணவிட்டுப் பற்றீரியாவை முதலில் வளர்த்து, பின்னர் இரண்டிரண்டு மீன்களாக விடுவதே முறை. மீன் வளர்ப்பதென்பது முதலில் நீரை வளர்ப்பதே.

கீழ்த்தாங்கியின் அமைப்பு

மூடிய கண்ணாடிக் கலமொன்றில் மீனையும் நீர்த்தாவரத்தையும் நத்தையையும் சேர்த்து வைத்து, அவை ஒன்றையொன்று வாழ்விக்கும் சமநிலையை 1850ஆம் ஆண்டில் லண்டனில் எடுத்துக்காட்டியவர் ரொபர்ட் வோரிங்டன் என்னும் இரசாயனவியலாளர். ஆயினும் ஓரிரு மீன்களுக்குப் பொருந்தும் அச்சமநிலை, மீன்கள் மிகுந்த தொட்டிக்குப் பொருந்துவதில்லை. நுண்ணுயிர்களுக்குத் தொட்டிக்கு வெளியே பரந்த இடத்தையும் காற்றையும் கொடுக்கவேண்டிய தேவை அங்கே எழுகிறது. அதை நிறைவேற்றுவதற்கான வழிகளுள் ஒன்றே கீழ்த்தாங்கி.

தொடர்மாடிகளின் நிலத்தடியில் குழாய்நீரைச் சேர்த்து வைக்கும் தாங்கியையும் ‘சம்ப்’ என்றே நாம் அழைக்கின்றோம். நாம் இங்கு கூறுவது, மீன் தொட்டியின் கீழேயுள்ள அலுமாரிக்குள் வைக்கப்படும் இன்னொரு கண்ணாடித் தாங்கியை. மேல் தொட்டியின் ஓர் ஓரத்தில் அமைந்த விளிம்பைத் தாண்டி வழியும் நீர், குழாயொன்றின் வழியே தன் பாரத்தாலேயே கீழிறங்குகிறது. கீழ்த்தாங்கியிலுள்ள தடுப்புகளுக்கிடையே அது வரிசையாகச் செல்கிறது. இறுதி அறையிலுள்ள பம்பி அதை மீண்டும் மேலே அனுப்புகிறது. முழு ஏற்பாடும் இவ்வளவே.

முதலாவது அறையில் ஸ்பொஞ்சு அல்லது துணிப்பை, மீனின் மலத்தையும் உணவுத் துகள்களையும் தடுத்து நிறுத்தும். இதை வாரமொருமுறையேனும் அலசவேண்டும். அலசாவிடின் அங்கு தேங்கிய அழுக்கே மீண்டும் அமோனியாவாகும். இரண்டாவது அறையே இம்முறையின் உயிர்நாடி. பீங்கான் வளையங்கள், எரிமலைக் கற்கள், துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பந்துகள் ஆகியவை இங்கே நிரப்பப்படுகின்றன. பணம் செலவழிக்க இயலாதோர், நன்கு கழுவிய களிமண் ஓட்டுத் துண்டுகளைப் பயன்படுத்தினாலும் பற்றீரியா மறுப்புச் சொல்வதில்லை. மூன்றாவது அறையில் பம்பி இருக்கும்.

பற்றீரியா குடியிருக்கும் பொருட்களை ஒருபோதும் குழாய்நீரிற் கழுவலாகாது. நாம் பருகும் நீரைக் காக்கும் குளோரீன், அந்நுண்ணுயிர்களை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அவற்றை மெல்ல அலசவேண்டும். ‘நன்றாகத் துப்புரவு செய்தேன், அதன் பிறகே மீன்கள் செத்தன’ என்று பலர் அங்கலாய்ப்பதன் மர்மம் இதுவே.

பம்பியை வாங்கும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. மணித்தியாலத்துக்கு 2,000 லீற்றர் என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருப்பது, உயரமேதுமில்லாத நிலையில் அது தள்ளும் அளவாகும். நான்கைந்து அடி உயரத்துக்கு நீரை ஏற்றும்போது, பல பம்பிகளில் அதன் பாதியளவுகூடக் கிடைப்பதில்லை. தொட்டியின் நீர் மணித்தியாலத்துக்கு மூன்று முதல் ஐந்து தடவை சுற்றிவருவது பெரும்பாலான நன்னீர்த் தொட்டிகளுக்குப் போதுமானது.

பெருநீரின் பாதுகாப்பு

கீழ்த்தாங்கி தரும் இன்னொரு நன்மை, மொத்த நீரின் அளவு கூடுவதாகும். நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியில், மேல்விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் குறைய நிரப்பினால், ஏறத்தாழ 230 லீற்றர் நீர் நிற்கும். கீழ்த்தாங்கியில் ஓடும் 50 லீற்றரையும் சேர்த்தால் 280 லீற்றராகிறது. அதே மீன்கள், அதே உணவு. ஆனால் நஞ்சு கரைந்து பரவ அதிக நீர் உண்டு. ஒருவேளை உணவைக் கூடுதலாகப் போட்டுவிட்டாலும், திருத்திக்கொள்ளச் சிறிது அவகாசம் கிடைக்கிறது.

நீரின் அளவே நீருக்குக் காவல் என்ற கருத்து எமது வாசகர்களுக்குப் புதியதன்று. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத்து அளவை எட்டிய நீர், நிறமோ சுவையோ மணமோ மாறாத வரையில், அசுத்தம் பட்டதனால் மாத்திரம் அசுத்தமாகி விடுவதில்லை. அவ்வளவு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லீற்றர் எனக் கொள்ளப்படுகிறது. வுழூச் செய்வதற்கான ஹவுள்களில் மீன்கள் நீந்தித் திரிந்த பள்ளிவாசல்களைக் கண்டவர்கள் இன்றும் உளர். கோயில் தீர்த்தக் கேணிகளிலும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் மீன்கள் வாழ்ந்ததற்கும் பெருநீரே துணை நின்றது. மார்க்கச் சட்டத்தின் நோக்கம் வேறு, மீன் வளர்ப்பின் நோக்கம் வேறு. எனினும் சிறுநீர்நிலை விரைவிற் கெடும், பெருநீர்நிலை தாங்கும் என்ற அனுபவ அறிவு இரண்டிற்கும் பொதுவானது.

இன்னுமொரு நன்மை காற்று. 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். கொழும்பின் தொட்டிகளில் வழமையான 28 பாகையில் அது 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. மீனுக்கு மாத்திரமன்றிப் பற்றீரியாவுக்கும் ஒட்சிசன் வேண்டும். ஒரு கிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக்க ஏறத்தாழ நான்கரைக் கிராம் ஒட்சிசன் செலவாகிறது. நீர் விளிம்பில் வழிந்து, குழாயில் விழுந்து, திறந்த அறைகளில் ஓடும்போது அது காற்றோடு கலக்கிறது. குளிர்நாடுகளை விட எமது நாட்டில் இது பெரிதும் வேண்டப்படுவதாகும்.

மின்சாரம் நின்றால்

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு நடைமுறையிலிருந்ததை நாம் மறந்துவிடவில்லை. 2020 ஓகஸ்ட் 17, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய தினங்களில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதும் நினைவிருக்கும். ஆகவே இந்நாட்டில் கீழ்த்தாங்கி அமைப்போர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, பம்பி ஓடும்போது என்ன நடக்கும் என்பதன்று, நிற்கும்போது என்ன நடக்கும் என்பதேயாகும்.

பம்பி நின்றதும் நீர் வழிவது நின்றுவிடும் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில், நீரை மேலேற்றும் குழாயின் வாய் தொட்டி நீருக்குள் மூழ்கியிருப்பின், அதே குழாய் வழியே நீர் தலைகீழாக இறங்கத் தொடங்கும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வெளிப்படும் வரை அது நிற்காது. மேற்கூறிய தொட்டியில் ஓர் அங்குல உயரத்திலுள்ள நீர் 14 லீற்றராகும். குழாயின் வாய் மூன்று அங்குலம் மூழ்கியிருந்தால் 42 லீற்றர் கீழே வரும். கீழ்த்தாங்கி இரண்டரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் உடையதெனில், அதன் முழுக்கொள்ளளவு ஏறத்தாழ 88 லீற்றர். அதில் 50 லீற்றர் ஏற்கெனவே இருக்கிறது. எஞ்சிய இடமோ 38 லீற்றர். மிகுதி நான்கு லீற்றரும், அவ்வேளை விளிம்பிலும் குழாயிலும் நின்ற நீரும் தரையிற் கொட்டும். நள்ளிரவில் நிகழும் இவ்விபத்து, காலையில் கீழ்மாடி வீட்டாரின் கூரைத் தளத்தில் ஈரமாகத் தோன்றி, நல்ல அயலுறவைக் கெடுத்துவிடும்.

பரிகாரம் எளிது. குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் மாத்திரம் கீழே வைத்தால் 14 லீற்றரே இறங்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளையொன்று இட்டால், காற்றுப் புகுந்து இறக்கம் அங்கேயே அறுந்துவிடும். ஒருவழித் தடுப்பு வால்வு ஒன்றை மாத்திரம் நம்பியிருப்பது தகாது. சிறு மணலோ பாசியோ சிக்கினால் அது மூடாது.

எதிர்மாறான ஆபத்தும் உண்டு. வடிகுழாயை இலையோ நத்தையோ அடைத்துக்கொண்டால், பம்பி தனது அறையிலுள்ள நீர் முழுவதையும் மேலே ஏற்றிவிடும். ஆகவே பம்பி அறையிலுள்ள நீர், மேல்தொட்டியில் விளிம்புவரையுள்ள வெற்றிடத்தை விடக் குறைவாக இருத்தல் வேண்டும். எமது உதாரணத்தில் வெற்றிடம் ஒன்றரை அங்குலம், அதாவது 21 லீற்றர். பம்பி அறையில் 15 லீற்றருக்கு மேல் நில்லாதபடி அமைத்தால் அச்சமில்லை. தொட்டியை நிறுவியவர் விடைபெறு முன்னரே, பம்பியை நிறுத்தி ஒருமுறையும், வடிகுழாயை அடைத்து ஒருமுறையும் சோதித்துப் பார்க்கும்படி கேளுங்கள். இவ்விரு சோதனைகளையும் செய்ய மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதிருப்பதே நன்று.

நீண்ட மின்வெட்டின்போது மீன்களுக்கு உணவிட வேண்டாம். வளர்ந்த மீன் சில நாட்கள் பட்டினி தாங்கும், ஒட்சிசனின்றிச் சில மணித்தியாலமும் தாங்காது. மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்றுப்பம்பி ஒன்றை வீட்டில் வைத்திருத்தல் அவசியம். அதுவும் இல்லாதபோது, குவளையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றுவதும் உதவும். மூடிய கலத்தினுள் இயங்கும் வடிகட்டிகளில், மின்சாரம் நின்றதும் பற்றீரியா மூச்சுமுட்டி நீர் நாற்றமெடுக்கும். திறந்த கீழ்த்தாங்கியில் அவ்வாபத்து குறைவு. எனினும் பல மணித்தியாலங்கள் நின்றிருந்தால், முதலறையில் தேங்கிய நீரை அகற்றிவிட்டே பம்பியை மீண்டும் இயக்கவேண்டும்.

பாரமும் நுளம்பும்

ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். மேற்கூறிய தொட்டி, கீழ்த்தாங்கி, நீர், கண்ணாடி, சரளைக்கல், தாங்குசட்டம் யாவும் சேர்ந்து 350 முதல் 400 கிலோகிராம் வரை வரும். அப்பாரம் அரைச் சதுர மீற்றரைச் சற்றே தாண்டிய இடத்தில் அமர்கிறது. வீடுகளின் தளங்கள் வழமையாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோகிராம் வரையிலான பரவிய பாரத்தை எதிர்பார்த்தே வடிவமைக்கப்படுகின்றன. இதனால் தளம் உடனே இடிந்துவிடும் என்பதன்று. ஆனால் தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல், சுவரோரமாகத் தூணுக்கோ உத்தரத்துக்கோ அருகில் வைக்கவேண்டும். இதனிலும் பெரிய தொட்டியெனில் பொறியியலாளர் ஒருவரைக் கேட்காமல் வைக்கலாகாது. பழைய வீடுகளின் பலகைத் தளங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தொட்டியின் அடியில் ரெஜிபோம் தகடொன்றை விரிப்பது, பாரம் சமமாகப் பரவத் துணைபுரியும்.

மின்கட்டணத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 30 வாற்றுப் பம்பி இரவுபகலாக ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 22 அலகுகள் செலவாகும். அலகுகள் கூடக் கூடக் கட்டண வீதமும் உயரும் நாட்டில் இது சிறிய தொகையன்று. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில், நீருக்குள் பம்பியை வைப்பது உயிராபத்தான செயலாகும்.

பலரும் கவனிக்காத ஒன்று நுளம்பு. மேல்தொட்டியில் மீன்கள் இருப்பதால் நுளம்புக் குடம்பிகள் தப்புவதில்லை. கீழ்த்தாங்கியிலோ மீன் இல்லை. நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அச்சமில்லை. ஆனால் விடுமுறைக்கு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ செல்வோர் பம்பியை நிறுத்திவிட்டுப் போனால், அலுமாரிக்குள் இருண்டு தேங்கும் அந்நீர் டெங்கு நுளம்புக்கு மிகவும் உகந்த இடமாகும். முட்டை நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை போதும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கினால் பீடிக்கப்பட்டனர். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டின் உட்புறத்துக்கும் பொருந்தும். பயன்படுத்தாத கீழ்த்தாங்கியை வெறுமையாக்கி உலரவிடுவதே கடமை.

கீழ்த்தாங்கி செய்யாதவை

இவ்வளவையும் செய்யும் கீழ்த்தாங்கி ஒன்றைச் செய்வதில்லை. அது கழிவை இல்லாமற் செய்வதில்லை, உருமாற்றுகிறது. இறுதியில் எஞ்சும் நைத்திரேற்று நீரிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே வாரந்தோறும் நான்கிலொரு பங்கு நீரை மாற்றும் வேலையிலிருந்து எந்த உபகரணமும் எம்மை விடுவிப்பதில்லை. புதிதாகச் சேர்க்கும் குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரீனை நீக்கும் மருந்து இட்டோ பயன்படுத்தவேண்டும். கீழ்த்தாங்கியில் மணி பிளான்ற் அல்லது கங்குங் கீரையின் வேர்களை மூழ்க வைத்தால், அவை நைத்திரேற்றின் ஒரு பகுதியை உணவாக எடுத்துக்கொள்ளும். அகற்றிய நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் பூச்சாடிகளுக்கு ஊற்றலாம். செடிகளுக்கு அது நல்ல பசளை.

கொழும்புவாசிகள் அறிந்திருக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு, கேத்தலின் அடியிற் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு நன்கு தெரியும். சுண்ணாம்புக்கல் நிலத்தின் நீர் அது. கொழும்புக்கு நீர் வழங்கும் களனி ஆறும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களும் தருவதோ மென்னீர். பற்றீரியா தன் தொழிலைச் செய்யும்போது நீரின் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. மென்னீரில் அது விரைவில் தீர்ந்து, நீர் அமிலமாகி, பற்றீரியாவின் தொழிலே தளர்ந்துவிடும். இதற்கும் வாராந்த நீர்மாற்றமே முதல் மருந்து. நன்கு கழுவிய சிப்பி ஓட்டுத் துண்டுகள் ஒரு கைப்பிடி, கீழ்த்தாங்கியில் ஒரு பைக்குள் இருப்பது இரண்டாவது மருந்து.

‘டாங்க் கிளீனர்’ என்ற பெயரில் விற்கப்படும் மீனை வடிகட்டிக்குப் பதிலாக வாங்கி விடுவோரும் உளர். அது பாசியைச் சுரண்டும் என்பது உண்மை. ஆனால் அதுவும் உண்கிறது, அதுவும் கழிக்கிறது. அதன் இனங்களுட் பல ஓரடிக்கு மேல் வளர்பவை. வளர்ந்ததும் வைத்திருக்க இடமின்றி வாய்க்காலிலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். இவ்வாறு விடப்பட்ட அம்மீனும், கத்திமீன் என வழங்கும் பிறநாட்டு மீனும் எமது நீர்நிலைகளில் நிலைகொண்டு விட்டன. பண்டுல கெண்டை போன்று இந்நாட்டுக்கே உரிய, வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் அழிவின் விளிம்பில் நிற்கும் நாட்டில், ஒரு வீட்டின் தொல்லையை ஆற்றுக்கு மாற்றுவது பெருந்தவறு.

எல்லா வீட்டுக்கும் கீழ்த்தாங்கி வேண்டுமென நாம் கூறவில்லை. இரண்டடித் தொட்டியில் பத்துக் கப்பி மீன்களை வளர்ப்பவருக்கு, காற்றுப்பம்பியில் இயங்கும் சாதாரண ஸ்பொஞ்சு வடிகட்டி போதும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீடுகளுக்கு அதுவே பொருத்தமானது. எமது நண்பரும் அதையே செய்தார். எஞ்சிய மூன்று மீன்களுக்கு மேல் ஆறு வாரங்கள் வரை ஒன்றும் வாங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பேரப்பிள்ளையே வாளியில் நீரை அளந்து கொடுப்பதாகச் சொன்னார்.

பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானாக இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைக் கண்டித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். கொல்லாமையை அறங்களின் தலையாய் வைத்த மரபு தமிழருடையது. அடைத்து வைத்த உயிருக்கு உணவிடுவது மாத்திரம் கடமையன்று. அது மூச்சுவிடும் நீரைக் காப்பதும் கடமை.

இறுதியாக ஒன்று. கழிவு கண்ணிலிருந்து மறைந்ததும் அது தீர்ந்துவிட்டது என்று எண்ணும் பழக்கம் மீன் தொட்டியோடு நிற்பதில்லை. நீண்ட காலமாகக் கொழும்பு மாநகரின் கழிவுநீர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள குழாய்களின் வழியே கடலுக்கு அனுப்பப்பட்டு வந்துள்ளது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில், பசளையாலும் மலக்குழிகளாலும் சேர்ந்த நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் 1980கள் முதல் காட்டி வந்துள்ளன. அக்கிணறுகளின் நீரும் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கிறது. கண்ணாடித் தொட்டியிலுள்ள மீனுக்கு நேர்வதை விளங்கிக்கொள்ளும் ஒரு பிள்ளை, நாளை தன் ஊரின் கிணற்றைப் பற்றியும் தன் நகரின் கடலைப் பற்றியும் சரியான கேள்வியைக் கேட்கும். அக்கேள்விக்கு விடைசொல்ல வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே.